கம்பெனி வக்கீல் கரும்பலகைக்கு வந்த கதை

அன்பு மகன் நடராஜனுக்கு,

நேற்றுக் காலைத் தபாலில் உன் கடிதம் வந்தது. படித்த கையோடு பதில் எழுதியிருக்க வேண்டும், முடியவில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பாய். எனக்குக் காலேஜுக்கு நேரமாகிவிட்டது. ஐம்பத்தோரு வயதில், கக்கத்தில் புத்தகத்தோடு உன் அப்பா காலேஜுக்குப் போகிறேன். நேற்றுக் காலை முதல் வகுப்பு, இன்று இரண்டாவது. அது முடிந்து வந்து, கோட்டில் ஒட்டியிருக்கும் சாக்பீஸ் தூளைக்கூட உதறாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் முதுமை என்று எண்ணிவிடாதே, முழுக்க முழுக்க சந்தோஷம்தான். உன் கல்யாணத்தன்றுகூட நான் இப்படிக் குதித்ததில்லை என்று உன் அம்மா சமையலறையிலிருந்து குறைப்படுகிறாள். அவள் சொல்வது உண்மைதான். அன்று எனக்குப் பந்தியைப் பற்றிய கவலைதான் ஜாஸ்தி.

நீ எழுதியிருந்த சேதி சின்னதல்ல. பத்தொன்பது வருஷம் நான் எந்த நெருப்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வக்கீலாக இருந்தேனோ, அதே கம்பெனி, வக்கீல் சன்னது வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத உன்னைக் கூப்பிட்டு, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழக்குகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. உன் சீனியரும் இந்த மாதிரி வாய்ப்பு இரண்டாம் தடவை வராது என்கிறார். நீ என்னிடம் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். அந்த வேலையை நீங்கள் ஏன் விட்டீர்கள் என்பது ஒன்று. நான் எடுத்துக்கொள்ளலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்வியை நீ நாலு வருஷமாக வெவ்வேறு விதத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறாய், நானும் வெவ்வேறு விதத்தில் நழுவிக்கொண்டிருக்கிறேன். இன்று நழுவப்போவதில்லை. உன்னோடு அறையில் இருக்கும் மற்ற ஜூனியர் வக்கீல்களுக்கும் நீ இதை வாசித்துக் காட்டலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

அந்தக் கம்பெனி என்னிடம் எப்படி வந்தது என்று தெரியுமா? என் சட்ட ஞானத்துக்காக வரவில்லை. வேலூர் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நான் ஈ ஓட்டிய முதல் இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு ஞானம் இருப்பதாக எனக்கே தெரியாது. ஆம்பூரில் உன் தாத்தா தபால் ஆபீஸ் குமாஸ்தா. நாங்கள் குடியிருந்த தெருவில் முக்கால்வாசி முஸ்லிம் வீடுகள். அந்தப் பிள்ளைகளோடு கில்லி ஆடி, சண்டை போட்டு, சமாதானமாகி, எனக்கு உருது தானாகவே வந்துவிட்டது. தோல் வியாபாரிகளில் பாதிப் பேர் வீட்டில் உருதும் கடையில் தமிழும் பேசுகிறவர்கள். அவர்கள் பேச்சு புரிகிற வக்கீல் ஒருவன் வேண்டும் என்று பட்டணத்துக் கம்பெனி தேடிக்கொண்டு வந்தது. நான் அகப்பட்டேன்.

அந்த வேலையில் எனக்கு இருந்த உற்சாகத்தை மறைக்கமாட்டேன். எங்காவது தோல் பதனிடும் டேனரியில் நெருப்புப் பிடித்தால் எனக்குத் தந்தி வரும். காலைப் பாசஞ்சரைப் பிடித்து ராணிப்பேட்டைக்கோ ஆம்பூருக்கோ போவேன். சாம்பலில் நடப்பேன். எரிந்த தோலின் நாற்றம் கோட்டில் ஒட்டிக்கொண்டால் மூன்று நாளைக்குப் போகாது, உன் அம்மா என்னைக் கிணற்றடியிலேயே நிறுத்திவிடுவாள். அங்கே நின்று நான் யாரையும் மிரட்டியதில்லை. டீ வாங்கிக் கொடுத்து, குடும்பம் குழந்தைகளை விசாரித்துப் பேச்சுக் கொடுப்பேன். ராணிப்பேட்டையில் ஒருவன் நல்ல சரக்கையெல்லாம் முந்தின வாரமே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கழிவுத் தோலையும் வைக்கோலையும் கிடங்கில் நிரப்பித் தானே கொளுத்தினான். உள்ளே காவல்காரன் இருந்ததுகூட அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் காவல்காரன் பிழைத்தது தெய்வாதீனம். சரக்கு ஏற்றிப்போன வண்டிக்காரனைத் தேடிப் பிடித்து, அவன் வாயாலேயே உண்மையை வரவழைத்தேன். அந்த வழக்கை இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஆகவே கம்பெனி பக்கம் நிற்பதே பாவம் என்று நான் எழுதப்போவதாக நினைக்காதே.

ஆனால் வஹாப் சாயபு வழக்கும் உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது. உனக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்காது, அந்தச் சாப்பாட்டு வேளை ஞாபகம் இருக்கும்.

வஹாப் சாயபு ஆம்பூரில் நடுத்தர அளவில் டேனரி வைத்திருந்தவர். எழுபது பேர் அவரிடம் வேலை செய்தார்கள். தமிழில் கையெழுத்துப் போடுவார், உருது சரளமாகப் படிப்பார், இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாது. அவருடைய பாலிசி நாலு பக்கம், நாலும் இங்கிலீஷ். அதன் மூன்றாம் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பாலிசி எடுத்த பிறகு கிடங்கை ஒட்டி ஓலைக் கூரை எதையும் புதிதாக எழுப்பினால் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் பாலிசி செல்லாது. ஒரு மழைக்காலத்தில் அவருடைய கிடங்கு எரிந்தது. மேற்குக் கோடியில் எண்ணெய்ப் பீப்பாய்கள் இருந்த பக்கம் பிடித்த நெருப்பு. அவர் மேல் சந்தேகப்பட ஒன்றுமே கிடைக்கவில்லை. நானே இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். நேர்மையான விபத்து என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கிழக்குப் பக்கம் மட்டும் கருகிய மூங்கில் கழிகள் இரண்டு மண்ணில் நட்டபடி நின்றன. அதைக் கண்டதும் எனக்குள் ஒரு பொறி தட்டியது. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் ரயிலேறி வந்துவிட்டேன்.

கம்பெனி பணம் தர மறுத்தது. வஹாப் சாயபு சப் கோர்ட்டில் தாவா போட்டார். குறுக்கு விசாரணைக்கு அவர் கூண்டில் ஏறிய நாளன்று நான் எழுந்து, எங்கள் ஆம்பூர்த் தெருப் பேச்சிலேயே ஆரம்பித்தேன். அவர் முகம் மலர்ந்தது. எதிராளி வக்கீல் என்பதையே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். தொழிலைப் பற்றிக் கேட்டேன். ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா, ஆவாரம்பட்டை எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் கேட்டேன். ஆவாரம்பட்டை போட்டுத்தான் தோலைப் பதப்படுத்துவார்கள், அது நனைந்தால் வீண். பிறகு, ரொம்ப அக்கறையாகக் கேட்பது போல, "அந்த வருஷம் மழை ஜாஸ்தியாச்சே பாய், பட்டையெல்லாம் நனஞ்சு போயிருக்குமே, இன்னா பண்ணீங்க?" என்றேன்.

அவர் பெருமையோடு சொன்னார்: "கிடங்குக்குப் பக்கத்துலயே ஓலைக் கொட்டாய் போட்டுட்டேன் வக்கீல் சாப். ரெண்டே நாள்ல. ஒரு கட்டுகூட நனயல."

அவ்வளவுதான். நான் உட்கார்ந்துவிட்டேன். அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டதைக் கண்ட பிறகும் வஹாப் சாயபுவுக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை. நான் ஏதோ அவருடைய சாமர்த்தியத்தை மெச்சியதாகவே நினைத்துக் கூண்டைவிட்டு இறங்கினார். தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகமாக வந்தது. சட்டப்படி அது சரியான தீர்ப்புத்தான்.

அவர் கூண்டைவிட்டு இறங்கிய அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, இந்தக் குறுக்கு விசாரணை முழுவதையும் உனக்கும் உன் அம்மாவுக்கும் நடித்துக் காட்டினேன். நீ பி.ஏ. பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாய். ரெவின்யூ இலாகாவில் சேருவதாக ஏற்பாடு. நான் வஹாப் சாயபு குரலில் "ஒரு கட்டுகூட நனயல" என்றதும் நீ புரையேறும்வரை சிரித்தாய். உன் அம்மா சிரிக்கவில்லை. "அந்தக் கொட்டாய்லருந்தா நெருப்பு கெளம்புச்சு?" என்று கேட்டாள். இல்லை, அது மறுகோடி என்றேன். அவள் மோர் எடுக்க உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை நீ என்னிடம் வந்து, ரெவின்யூ வேண்டாம், நானும் சட்டம் படிக்கிறேன் என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. உன்னை வக்கீலாக்கியது அந்த மத்தியான நாடகம்தான், நடராஜா. அம்மா கேட்ட கேள்வியை நாம் இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன்னிடம் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய தப்பு இதுதான். வழக்கை ஜெயித்தது தப்பில்லை. ஒரு மனுஷன் விழுந்ததை வித்தையாக்கி, வித்தை கற்கிற வயதில் இருந்த உனக்குக் காட்டினேனே, அதுதான் தப்பு.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை, நம் வீட்டு முன்னறையில் கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சியில் வஹாப் சாயபு உட்கார்ந்திருந்தார். எனக்கு உள்ளூரப் பயம்தான். திட்ட வந்திருக்கிறார் என்றால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் திட்டவில்லை. வேறொருவர் டேனரியில் ஒரு பக்கத்தை வாடகைக்குப் பிடித்து, இருபது பேரோடு மறுபடியும் தொழில் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். பிறகு துணிப்பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசை மேல் வைத்தார். வேறு ஒரு கம்பெனியின் நெருப்பு பாலிசி. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"பழைய பாலிசி என்னை எங்க கவுத்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். "இதுலயும் அப்டி எதுனா இருந்தா சொல்லுங்க வக்கீல் சாப். ஃபீஸு தர்றேன்."

அந்த ஒரு வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. ஊரில் முப்பது வக்கீல் இருக்க, தன்னைக் கவிழ்த்தவனையே தேடி வந்திருக்கிறார் மனுஷன். வேறு கம்பெனி பாலிசி என்பதால் என் வேலைக்கு அதில் முரண் இல்லை. ஃபீஸ் பேச்சை விடச் சொல்லிவிட்டு, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு நிபந்தனையாகத் தமிழில் சொல்வேன், அது போதாவிட்டால் உருதில். அதற்கும் தலையாட்டாவிட்டால் அவருடைய டேனரியையே உதாரணத்துக்கு இழுப்பேன். நடுவில் அவர் நிறுத்தி, பழைய வழக்கைக் கேட்டார். நெருப்பு கொட்டகையில் பிடிக்கவே இல்லையே, பிறகு அது எப்படித் தன் தலையில் விடிந்தது என்றார். உன் அம்மா கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை தப்பிக்க மோர் இல்லை. கொடுத்த வாக்கு என்பது ஒன்று, நஷ்டத்தின் காரணம் என்பது வேறு ஒன்று என்று விளக்கினேன். ஓலை இல்லை என்ற வாக்கை நம்பித்தான் கம்பெனி ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்கிறது, வாக்கு மாறினால் நெருப்பு எங்கே பிடித்தது என்று பார்ப்பதற்கு முன்பே ஒப்பந்தம் உடைந்துவிடுகிறது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பத்தொன்பது வருஷமாக வாளைப்போல வீசிய ஒரு விதியை அன்றுதான் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தேன்.

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "புரியுது" என்றார். "நியாயமா படல. ஆனா புரியுது."

அந்தப் பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு அவர் செய்ததுதான் வேடிக்கை. புதுப் பாலிசியில் ஓலைக் கூரை பற்றிய வரியை விரலால் தொட்டு, மழைக்காலத்தில் பட்டைக்குக் கொட்டகை போடாமல் எந்த டேனரியும் நடக்காது, அதை இதிலேயே எழுதித் தந்தால்தான் கையெழுத்து என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். ஆம்பூர் வியாபாரி பாலிசியைப் படித்துவிட்டு ஆட்சேபம் சொல்கிறான் என்பது பட்டணத்தில் யாரும் கேள்விப்படாத சேதி. ஏஜெண்டு அலறியடித்துக்கொண்டு ரயிலேறி வந்தான். நாலு நாள் இழுபறிக்குப் பிறகு, கொஞ்சம் கூடுதல் பிரீமியத்தோடு கொட்டகையைச் சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். அன்று நான் ஜெயித்த சந்தோஷம் இருக்கிறதே, கோர்ட்டில் அப்படி ஒன்றை நான் அனுபவித்ததில்லை. எதிரில் தோற்றவன் என்று யாரும் இல்லை, கம்பெனிக்கும் அது லாபம்தான்.

அடுத்த வாரம் வஹாப் சாயபு தன் தோஸ்த் நாலு பேரை அழைத்து வந்தார். அடுத்த மாதம் ஞாயிறுதோறும் நானே ஆம்பூருக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு தோல் கிடங்கின் முன்கூடத்தில் முப்பது நாற்பது பேர் கூடுவார்கள். கிடங்குக் கதவுதான் எனக்குக் கரும்பலகை. முதல் ஞாயிறு பெரிய தோல்வி. புத்தகத்தில் இருந்தபடி, கோர்ட்டில் வாதாடுகிற தோரணையில் ஒரு மணி நேரம் பேசினேன். திரும்பிப் பார்த்தால் ஆறு பேர் தூக்கம். வஹாப் சாயபு எழுந்து, தணிந்த குரலில், "ஜட்ஜுகிட்ட பேசாதீங்க வக்கீல் சாப், எங்ககிட்ட பேசுங்க" என்றார். அதைவிட நல்ல புத்திமதி எனக்கு எந்த சீனியரும் சொன்னதில்லை. அடுத்த ஞாயிறு புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஒருவரும் தூங்கவில்லை. ஒருவருக்கொருவர் சண்டையே போட்டுக்கொண்டார்கள். வாக்கு வேறு காரணம் வேறு என்பதில் கூடம் இரண்டு கட்சியாகப் பிரிந்து, நான் சாப்பிடக்கூட மறந்து, கடைசி வண்டிக்கு ஓட வேண்டியதாயிற்று.

செய்தி பட்டணத்துக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகும்? கம்பெனி துரையே வேலூருக்கு வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, கத்தவும் இல்லை. நாளைக்கு நீர் குறுக்கு விசாரணை செய்யப்போகிறவர்களுக்கு இன்றைக்கே பாடம் சொல்லிக் கொடுக்கிறீரே, இது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார். பாலிசி படிக்கத் தெரிந்தவன் நிபந்தனையை மீறமாட்டான், உங்களுக்கு வழக்கே குறையும் என்றேன். நிஜமாகவே அதை நம்பித்தான் சொன்னேன். அதற்கு அவர், நீர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஆனால் இரண்டு நாற்காலியில் ஒருவர் உட்கார முடியாது, ஒரு வாரத்தில் பதில் சொல்லும் என்று எழுந்துவிட்டார். அவர் ஏறிய வண்டி காட்பாடி தாண்டியிருக்காது, நான் ராஜினாமாவை எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

இதில் என் இரண்டாவது தப்பு இருக்கிறது. உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து என் குமாஸ்தா வாய் தவறிச் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அழுவாள், அல்லது உன் படிப்பைச் சொல்லிச் சண்டைக்கு வருவாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "என்னைக் கேட்டுட்டு எழுதியிருந்தா வாணாம்னா சொல்லியிருப்பேன்? நானும் கூடச் சேந்து ரெண்டு வரி ஜாஸ்தியா எழுதச் சொல்லியிருப்பேன்" என்றாள். அத்தனை நாள் அவள் மனசில் அந்தக் கொட்டகை எரிந்துகொண்டே இருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. நீ இப்போது கல்யாணமானவன். தொழிலைப் பற்றி எந்த முடிவானாலும் ஜானகியிடம் சொல்லிவிட்டுச் செய். அவள் சம்மதிப்பாளோ மாட்டாளோ என்பதற்காகச் சொல்லவில்லை. உனக்குத் தெரியாதது ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்கும், அதற்காகத்தான்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் பணமுடைதான், நீ அறிவாய். கோர்ட்டில் சிநேகிதர்கள் என்னை ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். எனக்கு அது பேஜாராக இருந்தது என்று காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் இருந்தது. பட்டணத்தில் நீ இரண்டு வேளைச் சாப்பாட்டோடு படித்த மாதங்கள் உண்டு என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அதை நீ எனக்கு எழுதாமல் விட்டதற்கு உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. என் சந்தோஷத்துக்கு நீ கொடுத்த கூலி அது. மறக்கமாட்டேன்.

பிறகு போன மாதம் கல்லூரியிலிருந்து ஆள் வந்தது. புதிதாக வியாபாரச் சட்டம் ஒரு பாடமாக வைத்திருக்கிறார்கள், சொல்லிக்கொடுக்கச் சரியான ஆள் இல்லை. கல்லூரிக் கமிட்டியில் இருக்கும் வாலாஜாபேட்டை வியாபாரி ஒருவர் என் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்து போனவராம். அவர் என் பேரைச் சொல்லியிருக்கிறார். பிரின்ஸிபால் என்னை எதிரில் உட்காரவைத்து, பாடம் நடத்திய அனுபவம் உண்டா என்று கேட்டார். நாற்பது தோல் வியாபாரிகளுக்கு நடத்தியிருக்கிறேன் என்றேன். அவர்களில் யாராவது பரீட்சையில் தேறினார்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வஹாப் சாயபு பாலிசியைத் திருத்தி வாங்கிய கதையைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, எப்போது வரமுடியும் என்றார்.

நேற்று வகுப்புக்குள் நுழைந்தபோது ஐம்பத்திரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஜட்ஜுக்காக மற்றவர்களோடு நானும் எழுந்து நின்றே பழகியவன். எனக்காக யாரும் எழுந்ததில்லை. பதற்றத்தில் முன்வரிசைப் பையனைப் பார்த்து "யுவர் ஆனர்" என்று ஆரம்பித்துவிட்டேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது, நானும் சிரித்தேன். அத்தோடு பயம் போய்விட்டது. பாடம் இங்கிலீஷில்தான் நடத்த வேண்டும், ஆனால் உதாரணம் வரும்போது என் நாக்கு தானாகத் தமிழுக்குத் தாவிவிடுகிறது, அப்போது கடைசிப் பெஞ்சு நிமிர்ந்து உட்காருகிறது. ராணிப்பேட்டை வியாபாரி ஒருவன் ஆம்பூர்க்காரனுக்கு, உன் சரக்கை இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று கடிதம் எழுதுகிறான். ஆம்பூர்க்காரன் சம்மதம் என்று பதில் எழுதித் தபாலில் போடுகிறான். பாலாற்று வெள்ளத்தில் தபால் பை போய்விடுகிறது. ஒப்பந்தம் உண்டா இல்லையா? கடிதம் தபாலில் விழுந்ததுமே ராணிப்பேட்டைக்காரன் கட்டுப்பட்டான், அது அவன் கைக்குப் போய்ச் சேரும்போதுதான் ஆம்பூர்க்காரன் கட்டுப்படுகிறான் என்று சட்டத்தில் உள்ளபடி சொன்னேன். ஒடுகத்தூர் பக்கத்து வேர்க்கடலை விவசாயி மகன் ஒருவன், பழனி என்று பேர், மெதுவாக எழுந்தான். "அப்ப தபால் தொலஞ்சிட்டா ஒருத்தன் மாட்டுவான், ஒருத்தன் மாட்டமாட்டானா சார்? ஒரு கை தட்டுனா ஓசை வருமா?" என்றான்.

கோர்ட்டில் இப்படி மாட்டிக்கொண்டால் இருமுவேன், புத்தகத்தைப் புரட்டுவேன், கேள்வியையே திருப்பிக் கேட்பேன். நேற்று, "எனக்குத் தெரியலப்பா, நாளைக்குச் சொல்றேன்" என்றேன். சொன்னதும் உடம்பே லேசாகிவிட்டது.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. கம்பெனி வேலையை எடுத்துக்கொள்ளலாமா? எடுத்துக்கொள். நான் விட்டேன் என்பதற்காக நீ விட வேண்டியதில்லை. தானே கொளுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைப் பிடிக்க ஒரு நல்ல வக்கீல் வேண்டும். ஆனால் கூண்டில் இருப்பவன் உன்னை நம்பிப் பேசும்போது, அவன் எந்த ரகத்து ஆள் என்று உனக்குள் ஒரு முடிவு இருக்கட்டும். நேர்மையானவன் என்று உனக்கே தெரிந்தால், தாவாவுக்கு முன்பே கம்பெனியிடம் போய், இவனோடு சமாதானமாகப் போய்விடுங்கள் என்று ஒரு தடவையாவது சொல். அவர்கள் கேட்காமல் போகலாம். நான் அந்த ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. ஜெயித்த வழக்கை வீட்டில் நடித்துக் காட்டாதே. நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, இலைக்கு எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

முடிக்குமுன் இன்று காலை நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நேற்று மத்தியானம் முழுவதும் மூன்று தடித்த புத்தகங்களைப் புரட்டி, பழனியின் கேள்விக்கு ஒரு பதிலைத் தயார் செய்தேன். இன்று கரும்பலகையில் கோடு போட்டு, சட்டம் அப்படித்தான் சொல்கிறது, ஒருவன் மட்டும் கட்டுப்படுவது விநோதம்தான் ஆனாலும் விதி அதுவே என்று, அரை மணி நேரம் வாதாடினேன். எனக்கே திருப்தியாக இருந்தது. பழனி மறுபடி எழுந்தான். பையனும் நூலகத்தில் போய் அந்தப் பிரிவைப் படித்திருக்கிறான். "அது யாரு மாட்டுனாங்கன்னு சொல்றதுக்கு எழுதுன விதி இல்ல சார்" என்றான். "யாரு எதுவரைக்கும் வாபஸ் வாங்கலாம்னு சொல்றதுக்கு எழுதுனது. சம்மதக் கடுதாசி தபால்ல விழறவரைக்கும் ராணிப்பேட்டைக்காரன் வாங்கலாம், கைக்குப் போய்ச் சேர்றவரைக்கும் ஆம்பூர்க்காரன் வாங்கலாம். அடுத்த பிரிவையும் சேத்துப் படிச்சுப் பாருங்க."

அங்கேயே, எல்லோர் முன்னாலும், புத்தகத்தைப் பிரித்து இரண்டு பிரிவையும் சேர்த்துப் படித்தேன். ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை. பிறகு கரும்பலகையில் நான் போட்டிருந்த கோடுகளை அழித்துவிட்டு, சாக்பீஸைப் பழனியிடம் கொடுத்து, மேடைக்கு வந்து எல்லோருக்கும் விளங்கச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். அவன் இடத்தில், கடைசிப் பெஞ்சில், போய் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டேன். கட்சி கட்டி வாதாடித் தோற்றுவிட்டு, மனசு நிறைந்து வீட்டுக்கு நடந்து வந்தது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை.

வேலூர்,
உன் வரவையும் வாதத்தையும் எதிர்பார்க்கும்
அப்பா